பின் இருக்கையில் மூன்று ஓட்டுநர்கள்

பெங்களூரில் நாங்கள் ஏறிய முதல் ஆட்டோவில், சிக்னல் ஒன்று திடீரென்று சிவப்பானபோது எங்கள் மூவரின் வலது கால்களும் ஒரே நேரத்தில் தரையை மிதித்தன. பிரேக் பிடிக்க வேண்டியவர் முன்னால் இருந்தார். அவரும் பிடித்தார், கொஞ்சம் தாமதமாக. கண்ணாடியில் எங்களைப் பார்த்து, என்ன சத்தம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, நாங்களும் ஓட்டுகிறோம் என்றேன்.

குடியாத்தம் ரயில் நிலைய ஸ்டாண்டில் நாங்கள் மூன்று பேர் ஆட்டோ ஓட்டுகிறோம். நான் மல்லிகா, நாற்பத்தொரு வயது, கொஞ்சம் வாய்க்காரி. சாந்தி என்னைவிட நான்கு வயது பெரியவள். முட்டி வலியும் நல்ல பசியும் அவளோடு எப்போதும் கூட வரும். ஜோதிக்கு முப்பத்து மூன்று. அவள்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம்.

ஜோதி ஹெவி லைசன்ஸ் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணனுடைய அரிசி மில் லாரியில் ஓட்டிப் பழகி, முதல் தடவையிலேயே பாஸானவள். ஆனால் ஊரில் எந்த பஸ் முதலாளியும் அவளை நம்பி ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. பார்க்கலாம் பார்க்கலாம் என்றே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். அப்போதுதான் பெங்களூரில் அலுவலக ஊழியர்களை பஸ்ஸில் ஏற்றிச் செல்லும் ஒரு கம்பெனி, தங்க இடமும் கொடுத்து ஆறு பெண் ஓட்டுநர்களை எடுக்கிறது என்று தெரிந்தது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சந்தாபுராவில் கடைசித் தேர்வு. அந்த ஊர் ரோட்டை அவள் கண்ணால் பார்க்க வேண்டுமென்று, வியாழக்கிழமையே ஆளுக்கொரு பையோடு கிளம்பிவிட்டோம்.

முதல் ஆட்டோக்காரரிடம் கிளச் கேபிள் தொய்ந்திருக்கிறது, இன்றே பாருங்கள் என்று இறங்கும்போது சொன்னேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே, "மேடம், மூணு பேரும் டிரைவர்ஸ்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நான் பயந்துட்டே ஓட்டியிருப்பேன்" என்றார். பிறகு ஜோதியைப் பார்த்து, இந்த ஊரில் முன்னால் வருவதைவிட இடது பக்கம் நுழைவதைத்தான் கவனிக்க வேண்டும் என்றார். ஜோதி உடனே நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் நோட்டு கொண்டுவந்திருந்ததே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

தங்கியது காக்ஸ் டவுனில், சாந்தியின் நாத்தனார் வீட்டு மாடியில். அவர்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்ததால், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா சாவியைத் தரும்போது தமிழில் பேசிக்கொண்டே, வாசலில் நின்ற காய்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசினார். ஒரே மூச்சில் இரண்டு மொழி. கியர் மாற்றுகிற சத்தமே கேட்கவில்லை என்று சாந்தி வியந்தாள்.

அன்று மதியம் பக்கத்தில் ஒரு நின்று சாப்பிடும் ஓட்டல். முதலில் டோக்கன், பிறகு தட்டு, பிறகு நிற்க ஓர் இடம். எங்கள் ஊரில் உட்கார்ந்தால் இலை தானாக வரும். இங்கே சாந்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு, இது சாப்பாடா, ரேஷன் கடையா என்று முணுமுணுத்தாள். உப்புமாவையும் கேசரியையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கொடுத்ததும் முணுமுணுப்பு நின்றது. இரண்டையும் கலந்து சாப்பிடலாமா என்று பக்கத்து மேசைப் பெண்ணைக் கேட்டாள். அந்தப் பெண் யோசித்துவிட்டு, தான் பத்து வருஷமாக அப்படித்தான் சாப்பிடுவதாகவும் யாருக்கும் சொன்னதில்லை என்றும் சொன்னாள்.

சாம்பார் இனித்தது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் இரண்டாவது கரண்டி நானே கேட்டு வாங்கினேன் என்பதால் விட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் டவுன் பஸ்தான். எங்கும் போவதற்காக இல்லை, போய்க்கொண்டே இருப்பதற்காக. முன்பக்கம் பெண்கள் இருக்கை என்பதால் ஜோதிக்கு ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்து ஆதார் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, தமிழ்நாடா, அப்படியானால் டிக்கெட் எடுங்கள் என்றார். பெண்களுக்கு இலவசம் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸிலும் உண்டு, நீங்கள் வந்தால் ஆதாரே கேட்க மாட்டோம் என்று சாந்தி கர்வமாகச் சொல்லிவிட்டாள். நான் வந்தா டிக்கெட் எடுக்கணும்மா, ஆம்பளை என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

ஜோதி சிரிக்கவில்லை. அவள் கண் ஓட்டுநரின் கையில் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ்ஸை ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்துகிறார், திரும்பும்போது பின்சக்கரம் எங்கே வருகிறது, ஸ்கூட்டர்கள் இடிக்கிற மாதிரி வரும்போது கால் எங்கே போகிறது. சிவாஜி நகரிலிருந்து மெஜஸ்டிக், அங்கிருந்து சில்க் போர்டு, திரும்ப இன்னொரு வழியாகச் சிவாஜி நகர். சில்க் போர்டில் முக்கால் மணி நேரம் நின்றபோது, நானும் சாந்தியும் தூங்கிவிட்டோம். விழித்துப் பார்த்தால் இவள் நோட்டில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள்.

மதியம் மிலிட்டரி ஓட்டல் என்று போர்டு போட்ட ஒரு கறிச்சாப்பாட்டுக் கடையில் முத்தே என்கிற கேழ்வரகு உருண்டை சாப்பிட்டோம். பரிமாறியவர் எங்கள் பேச்சைக் கேட்டதும் வெளியூர் என்று புரிந்துகொண்டு, இதை மெல்லக் கூடாது, கிள்ளிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்று செய்துகாட்டப் போனார். சாந்தி அவரைக் கையமர்த்திவிட்டு, உருண்டையைக் கிள்ளி, கறிக்குழம்பில் புரட்டி, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். "அண்ணா, இது எங்க வூட்டு களி. பேர மட்டும் நீங்க மாத்தி வச்சிக்கீறீங்க" என்றாள். அவர் இன்னொரு உருண்டை கொண்டுவந்து வைத்தார். ஏனென்று தெரியவில்லை, எனக்கு ஏதோ நாங்களே ஜெயித்ததுபோல் இருந்தது.

இனி நான் சொல்லப்போவது என் தவறு. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஏழு வருஷம் முன்பு நான் அங்கே வண்டி போட்டபோது, முறை என்று ஒன்று கிடையாது. ரயில் வந்ததும் யார் முதலில் பையைப் பிடுங்குகிறாரோ அவருக்குச் சவாரி. நான் முன்னால் நின்றாலும் என்னைத் தாண்டிப் பின்வண்டிக்கு ஆள் போய்விடும். பொம்பளை வண்டியா என்று ஏறியவர் இறங்கியதும் உண்டு. ஒரு நாள் பொறுக்க முடியாமல் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, வரிசை வைக்காமல் இங்கே ஒரு வண்டியும் நகராது என்று சண்டை போட்டேன். ஒரு வாரம் நடந்த சண்டை. கடைசியில் வரிசை வந்தது. முன் வண்டிதான் போகும். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் கூப்பிட்டு விடுவோம், தாண்டிப் போக மாட்டோம். அதன்பிறகுதான் சாந்தி வந்தாள், ஜோதி வந்தாள். அந்த வரிசையைப் பற்றி எனக்கு இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

சனிக்கிழமை காலை சீக்கிரமே கிளம்பி, இரண்டு இடத்தில் மாறி, மஞ்சள் தட மெட்ரோவில் கடைசி நிறுத்தமான பொம்மசந்திராவில் இறங்கினோம். ரயிலின் சுத்தத்தையும் குளிரையும் பார்த்து சாந்தி செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளாத குறை. கீழே வந்தபோது மணி பத்து பத்து. சந்தாபுரா ஆட்டோவில் பத்து நிமிஷம். வேண்டிய நேரம் இருந்தது.

வெளியே ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. முதல் வண்டியில் ஆள் இல்லை. இரண்டாவது ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டு, ஏறச் சொன்னார். முன் வண்டி இருக்கிறதே, அவர் வரட்டும் என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். நாங்கள் அந்த ஆளுக்கு போன் செய்து வரச் சொல்லியிருப்பதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, தோளைக் குலுக்கிவிட்டு வேறு சவாரியோடு போய்விட்டார். அவர் முறை தவறிப் போவதைப் பார்த்து, இந்த ஊர் வரிசை இவ்வளவுதான் என்று சாந்தியிடம் குறை வேறு சொன்னேன்.

மூன்றாவதும் போனது. நான்காவதும் போனது. நாங்கள் அந்த முதல் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றோம். பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்திருந்தது. பொறுப்பான ஆள், மேடு இல்லாத இடத்திலேயே கல் வைத்திருக்கிறார் பார் என்று நான் புகழ்ந்தேன்.

ஜோதி மெதுவாக, மணி பத்தரை தாண்டிவிட்டது அக்கா என்றாள். எனக்குக் கோபம் வந்தது. "ஒருத்தன் முறைய புடுங்கிக்கினுதான் நீ போய் வேலையில சேரணுமா?" என்றேன். அவள் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டு நின்றாள். அந்த விரல் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

பத்தே முக்காலுக்கு ஒருவர் ஸ்பானர் பையோடு வந்தார். கோணிச் சாக்கைத் தரையில் விரித்தார். மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். அந்த ஆட்டோ முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து இன்ஜின் படுத்து அங்கேயே நிற்கிறதாம். ஓட்டுநர் வீட்டில் இருக்கிறாராம். மெக்கானிக் இதையெல்லாம் வண்டிக்கு அடியிலிருந்தே சொன்னார். அப்போதுதான் தரையில் சொட்டியிருந்த எண்ணெயை நான் பார்த்தேன். ஏழு வருஷம் ஆட்டோ ஓட்டுகிறவள், செத்த வண்டிக்கு முன்னால் அரை மணி நேரத்துக்கு மேல் முறை காத்து நின்றிருக்கிறேன்.

அதற்குள் வரிசையில் ஒரு வண்டியும் இல்லை. இன்னொன்று கிடைத்து, நெரிசலில் நகர்ந்து, அந்தக் கம்பெனி யார்டுக்குப் போனபோது மணி பதினொன்று இருபது.

சூப்பர்வைசர் ஐம்பது வயதுக்காரர், கையில் கோப்பு. தமிழ் நன்றாகப் பேசினார், கன்னட இழுப்போடு. பதினொரு மணிக்கு உங்கள் முறைதான் கடைசி, தேர்வு முடிந்துவிட்டது, பெயரை அடித்துவிட்டேன் என்றார். நான்தான் கெஞ்சினேன். அவர் குரலை உயர்த்தாமல், "இருபது நிமிஷம்மா. அதுக்குள்ள ஸ்டாப்புல நிக்கிற பொண்ணு எனக்கு அஞ்சு தடவ போன் பண்ணியிருப்பா. லேட்டா வர டிரைவர வச்சு நான் ஏனு மாடோது, என்ன பண்றது?" என்றார். அவர் சொன்னதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதனால் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஸ்டாண்டு, சண்டை, வரிசை, கல் வைத்த ஆட்டோ, ஜோதி சொன்னது, நான் அவளைத் திட்டியது எல்லாம். இவளுடைய தவறு இதில் ஒன்றுமே இல்லை, என் பிடிவாதத்துக்கு இவள் இரண்டு வருஷத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வரிசை இப்போதும் நடக்கிறதா என்று மட்டும் கேட்டார். நடக்கிறது என்றேன்.

கோப்பில் ஜோதியின் பக்கத்தைத் திருப்பினார். பிறகு ஜோதியிடம் பேசினார். யார்டுக்குள் ஓட்டிக்காட்டும் தேர்வை இனி நடத்த முடியாது, கோடு போட்ட இடத்தில் வண்டிகளை நிறுத்தியாகிவிட்டது. ஒரு மணிக்கு ஒரு பஸ் காலியாக ஹைவே வரை போய்த் திரும்ப வேண்டும். மற்றவர்கள் யார்டில் ஓட்டினார்கள், நீங்கள் ஊருக்குள் ஓட்ட வேண்டும், முடியுமா என்றார். இதுவரை ஓட்டாத ஊர், ஓட்டாத வண்டி. ஜோதி, ஓட்டுகிறேன் சார் என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

ஒரு மணி வரை எதிரில் இருந்த சின்னக் கடையில் உட்கார்ந்தோம். எலுமிச்சை சாதமும் வடையும். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சாந்தியே பாதி வடையை மிச்சம் வைத்தாள், அப்படியென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜோதி மட்டும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உன் ரூல்ல தப்பு இல்ல. நீ வண்டிய குனிஞ்சி பாக்கல, அதான் தப்பு."

சொல்லிவிட்டு, என் வடையையும் அவளே எடுத்துத் தின்றாள்.

பஸ் வந்தது. காலி பஸ்ஸைவிட ஆள் இருப்பது நல்லது என்று எங்களையும் ஏறச் சொன்னார் சூப்பர்வைசர். அவர் ஓட்டுநருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் கடைசி வரிசையில். ஜோதி இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள், இறங்கிப் போய் பஸ்ஸை ஒருமுறை சுற்றிவந்தாள், குனிந்து அடியிலும் பார்த்தாள். சாந்தி என் இடுப்பில் இடித்தாள்.

சந்தாபுரா கடைத்தெரு வழியாகப் போக வேண்டும். தள்ளுவண்டி, ஸ்கூட்டர், பள்ளி விட்ட பிள்ளைகள். ஜோதி பதறாமல் போனாள். இடது பக்கத்தை அவள் கண் அடிக்கடி தொட்டுவந்தது கண்ணாடியில் தெரிந்தது. தெரு குறுகும் இடத்தில் எதிரே தண்ணீர் டேங்கர் ஒன்று வந்து நின்றது. அதற்குப் பின்னால் வால் மாதிரி வண்டிகள். டேங்கரால் பின்னால் போக முடியாது. எங்கள் பஸ்தான் ஆறேழு கடை தூரம் பின்னால் வந்து, சந்துப் பக்கம் ஒதுங்க வேண்டும்.

நான் எழுந்துவிட்டேன். பின்னால் இறங்கி நின்று, வரட்டும் வரட்டும் என்று கை காட்டுவது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. காலையில் செய்ததற்கு இதையாவது செய்கிறேன் என்றும் இருந்தது. கதவை நோக்கி நான்கு எட்டு வைத்திருப்பேன்.

"அக்கா, உக்காரு" என்றாள் ஜோதி. திரும்பிப் பார்க்காமல்.

இதுவரை அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. உட்கார்ந்தேன். பஸ் பின்னால் நகர ஆரம்பித்தது. கடைக்காரர்கள் வெங்காய மூட்டையையும் தக்காளிக் கூடையையும் இழுத்துக்கொண்டார்கள். என் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, சாந்தியின் காலும். ஒரு பூக்கார அம்மா மட்டும் கூடையை எடுப்பதாக இல்லை. தொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஜோதி நிறுத்தினாள். இறங்கச் சொல்லவில்லை, ஹார்ன் அடிக்கவில்லை. முன்னால் ஒரு முழம் எடுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, மறுபடி பின்னால் வந்தாள். பஸ்ஸின் பக்கம் அந்தக் கூடையை ஓர் உள்ளங்கை இடைவெளியில் கடந்துபோனது. ஒரு பூ அசையவில்லை.

சந்தில் ஒதுங்கி நின்றதும் டேங்கர் போனது. டேங்கர்காரர் கையை உயர்த்தினார். பூக்கார அம்மா நிமிர்ந்து, டிரைவர் சீட்டைப் பார்த்தார், பிறகு ஜன்னலில் இருந்த என்னைப் பார்த்தார்.

"பொம்பளையா ஓட்றது?" என்று தமிழிலேயே கேட்டார்.

"எங்க ஸ்டாண்டு பொண்ணும்மா. குடியாத்தம்" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னேன்.

ஹைவே வரை போய்த் திரும்பி யார்டுக்கு வந்தோம். சூப்பர்வைசர் வழியில் பேசியது ஒரே ஒரு தடவை, ஏன் ஹார்னே அடிக்கவில்லை என்று கேட்க. அவங்களே பாத்துட்டாங்க சார் என்று ஜோதி சொன்னதற்கு அவர் தலையாட்டினார். அறைக்குள் போய் ஒரு படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். திங்கட்கிழமை துணிமணியோடு வந்துவிடுங்கள் என்றார். சாந்தி அங்கேயே அழுதாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தமிழில் எழுதலாமா என்று ஜோதி கேட்டாள். எழுதுங்கள் என்று ஒவ்வொரு கட்டமாக அவரே படித்துச் சொன்னார். பெயர், ஊர், லைசன்ஸ் நம்பர். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம். வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் இருக்கிறார், வேலை நேரத்தில் அங்கே போனைத் தொட விட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, என் பெயரையும் நம்பரையும் எழுதினாள். அடுத்த கட்டம், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று. ஜோதி பேனாவைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு, 'டிரைவர்' என்று எழுதினாள். சூப்பர்வைசர் படித்துப் பார்த்தார். மாற்றச் சொல்லவில்லை.

ரேஷன் கார்டிலிருந்து பாங்கு புத்தகம் வரை என் பெயர் எழுதிய எல்லாத் தாளிலும் பக்கத்தில் இன்னாருடைய மகள் என்று இருக்கும், இல்லாவிட்டால் இன்னாருடைய மனைவி என்று இருக்கும். நான் ஆட்டோ வாங்கிய கடன் தாளில்கூட அப்படித்தான். அந்தப் படிவத்தில் இரண்டும் இல்லை. எனக்கு அதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்போல் இருந்தது.

சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்து, தன் பெயரையும் எழுதச் சொல்லி அடம்பிடித்தாள். ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. ஜோதி கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதினாள்: சாந்தி, டிரைவர்.